கீழே ஓடும் வரிகள்

அந்தப் படத்தில் வரும் துப்பாக்கிகளைக் கண்டு சுப்ரியாவுக்குப் பயமில்லை. விசாரணை அதிகாரியைக் கண்டுதான் பயம். அவன் கத்தவே மாட்டான். பிடிபட்ட பெண்ணுக்குத் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடக்கும் ஒற்றர் கதை. கறுப்பு வெள்ளைப் படம். எதிரிப்படை பிடித்து வைத்திருக்கும் துறைமுக ஊர் ஒன்றில், பாலத்தின் காவலைப் பற்றி ஒரு பெண் ரகசியமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பாள். அந்தப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது சுப்ரியாவின் வேலை. பிஎஸ்ஸி இயற்பியல் முடித்துவிட்டு, யாரோடும் அதிகம் பேச வேண்டியிருக்காது என்பதற்காகவே கம்பெனிகள் நிறைந்த செக்டர் ஃபைவில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தாள்.

வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படம் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. இன்ன படம் என்று யாரிடமும் சொல்லவும் கூடாது. ஆனால் கெடு நெருங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வீட்டு லாப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள். பாலிகஞ்ச் ஃப்ளாட்டில் அம்மா ஜலஜா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடியே துண்டு துண்டாகப் பார்ப்பாள்.

"யார் கேட்டாலும் படம்னு வாயைத் திறந்துடாதேம்மா. என் வேலை போயிடும்."

"நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? அந்தப் பொண்ணே அத்தனை அடி வாங்கிண்டும் சொல்லலை."

அது எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம். பள்ளிக்கூடங்களில் சைரன் ஊதிப் பழகினார்கள். ரயில் நிலையங்களில் மூன்று மொழிகளில் அறிவிப்பு ஓடியது: கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், போலீசிடம் சொல்லுங்கள். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒற்றர்களை அடையாளம் காண்பது எப்படி என்று தினம் ஒருவர் எழுதினார். அதிகம் பேசாதவர்கள், தனியாக வருகிறவர்கள், பூர்வீகம் வேறு ஊராக இருப்பவர்கள். படித்துவிட்டுச் சுப்ரியா அந்தக் குழுவைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் சியால்தாவில் பாலிகஞ்ச் வண்டிக்காக நின்றிருந்தாள். காதில் இயர்போன். அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பியாச்சா?"

"ஆமா."

"கூட்டமா?"

"ஆமா."

"அப்பா பாட்னாலேருந்து சனிக்கிழமைதான் வராராம். உன்கிட்ட சொன்னாரா?"

"ஆமா, ஆமா."

கடைசி ஆமாவைச் சொல்லும்போது எதிரே ஒரு போலீஸ்காரர் நின்று அவளையே பார்ப்பது தெரிந்தது. அவர் உதடுகள் அசைந்தன. இயர்போனை மீறி ஒன்றும் கேட்கவில்லை. போலீஸ்காரரைப் பார்த்தால் தலையாட்டிவிடுவது அவள் வழக்கம். ஆட்டினாள். அவர் நகர்ந்துவிட்டார். வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் முண்டியடித்து ஏறினாள். பின்னாலிருந்து யாரோ அவள் காலருகே எதையோ தள்ளினார்கள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் அறுந்தது. சுப்ரியா இயர்போனைக் கழற்றினாள்.

"உன் பையை ஓரமா வைம்மா. காலை இடிக்குது" என்றாள் பக்கத்தில் பழக்கூடையோடு நின்ற பெண், வங்காளியில்.

சுப்ரியா குனிந்து பார்த்தாள். நீல நிறத்தில் தடித்த ரெக்சின் பை. ஜிப் பாதி வரைதான் மூடியிருந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ வளையம் வளையமாகத் தெரிந்தது.

"இது என்னோடது இல்லையே."

"என்னது?"

"என் பை இல்ல இது."

பழக்காரி கூடையைக் கீழே வைத்தாள். "தூணுகிட்ட கிடந்ததைக் காட்டிப் போலீஸ்காரர் 'பேக் டா கார்'னு எல்லாரையும் கேட்டார். நீதானே 'ஆமார், ஆமார்'னே. மறந்துட்டு ஏறுறியேன்னு நான்தான் தூக்கி வெச்சேன்."

சுப்ரியாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வங்காளியில் 'பேக் டா கார்' என்றால் பை யாருடையது, ஆமார் என்றால் என்னுடையது. இந்த ஊரிலேயே பிறந்தவள். வங்காளியில் கனவே காண்பவள். அம்மாவோடு பேசுகிற நேரம் மட்டும்தான் அவள் தமிழுக்குள் இருப்பாள். அந்த நேரம் பார்த்து இது நடந்திருக்கிறது.

"நான் போன்ல பேசிட்டிருந்தேன். எங்க பாஷையில..."

"எங்க பாஷைன்னா? நீ பெங்காலி இல்லையா?" என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

அதற்குப் பிறகு சுப்ரியா சொன்ன எதுவும் யார் காதிலும் ஏறவில்லை. நெருக்கியடித்துக்கொண்டிருந்த பெட்டியில் அவளையும் பையையும் சுற்றி வட்டமாக இடம் விழுந்தது. அத்தனை பெண்களும் எங்கே ஒடுங்கினார்கள் என்றே தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. ஒரு குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள். வெளியே பார்க் சர்க்கஸ் நிலையம் வந்து போயிற்று. இறங்க வேண்டியவர்கள் பையைத் தாண்டிப் போக அஞ்சி இறங்காமலே நின்றார்கள். சுப்ரியா வளையங்களையே பார்த்தாள். உள்ளே ஏதாவது துடிக்கிறதா என்று காதைக் கூராக்கினாள். தண்டவாளத்தின் தடதடப்பும் தன் நெஞ்சின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"இவளை இறங்க விடக்கூடாது" என்றது ஒரு குரல். "பையை வெச்சுட்டு நழுவப் பார்ப்பா."

பாலிகஞ்சில் பெட்டி மொத்தமும் பிளாட்பாரத்தில் கொட்டியது. இரண்டு பேர் சுப்ரியாவின் கைகளை இறுகப் பிடித்திருந்தார்கள். அதில் ஒருத்தி பழக்காரி.

ரயில்வே போலீஸ் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓயாமல் கிறீச்சிடும் மின்விசிறி. சப்-இன்ஸ்பெக்டர் ஹால்தார் ஐம்பதைத் தாண்டியவர். சுப்ரியாவை உட்காரச் சொன்னார். பழக்காரி சொன்னதை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார். கதவருகே மௌசுமி என்ற இளம் பெண் கான்ஸ்டபிள் நின்றாள். வெளியே ஒலிபெருக்கி பிளாட்பாரத்தைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தது. மோப்ப நாய் வருகிறது என்று யாரோ சொன்னார்கள்.

ஹால்தார் மண் குவளையில் தேநீர் வரவழைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிம்மா. அப்புறம் பேசலாம்."

சுப்ரியா குவளையைத் தொடவில்லை.

"சரி, சொல்லு."

சொன்னாள். தமிழில் ஆமா என்றால் சரி, உண்மைதான் என்று பொருள். அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னேன், போலீஸ்காரர் கேட்டது என் காதில் விழவில்லை. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல. போலீஸ்னு சொல்லாதே. ஆமான்னு பதில் வர்ற மாதிரி ஏதாவது கேளு. நானும் கேக்கறேன், அப்படி ஒரு வார்த்தை இருக்கான்னு."

நல்ல யோசனை என்றே சுப்ரியாவுக்குத் தோன்றியது. நம்பரை அழுத்தினாள்.

"அம்மா, நீ காபி குடிச்சாச்சா?"

"எத்தனை நாழி ஆச்சு. நீ எங்கே இருக்கே?"

"வந்துண்டே இருக்கேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கியா?"

"பின்னே? திறந்தா போட்டிருப்பா, ஊர் இருக்கிற இருப்புல?"

ஹால்தார் பேனாவை உருட்டினார்.

"அப்பா சனிக்கிழமை வராரா?"

"ம்."

"ம்னா என்னம்மா? வராரா, இல்லையா?"

"ம்னா ம்தான். ஏன் ஒரு மாதிரி பேசறே? பக்கத்துல யாரு?"

"யாருமில்லை." ஆமா மட்டும் வரவில்லை. அம்மா ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். "அம்மா, நான் பேசறது உனக்குப் புரியறதா?"

"ஆமா, நீ பேசறது ஊருக்கே புரியறது. எனக்கு மட்டும்தான் புரியலை."

ஹால்தாரின் தலை நிமிர்ந்தது. "ஆமார்? எதை என்னோடதுங்கறாங்க?"

கேட்டுவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். மௌசுமி வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள். சுப்ரியாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் குரல் அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"யாரு அது? ஆம்பளைக் குரல் கேக்கறதே?"

ஹால்தார் போனைத் தன் பக்கம் இழுத்தார். வங்காளியில் பெரியம்மா முறை வைத்து மரியாதையாகவே கேட்டார். "மாஷிமா, பாலிகஞ்ச் ரயில்வே போலீஸ். பயப்படாதீங்க, உங்க பொண்ணு நல்லா இருக்கா. அவ எங்கே வேலை பாக்கறா?"

அம்மாவின் குரல் வங்காளியில் வந்தது. அந்தக் குரலைச் சுப்ரியா இதுவரை கேட்டதில்லை.

"எங்கேயும் இல்லை. வீட்டில்தான் இருக்கிறாள்."

"செக்டர் ஃபைவ்ல கம்பெனின்னு சொல்றாளே."

"எனக்குத் தெரியாது."

"ஏதோ எழுதற வேலையாமே?"

"அவள் ஒன்றும் எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதுவும் எழுதுவதில்லை."

"அம்மா, சொல்லிடு" என்றாள் சுப்ரியா தமிழில். "பரவாயில்லை, சொல்லிடு."

"எதைச் சொல்றது? எனக்கு ஒண்ணும் தெரியாது." அம்மா போனை வைத்துவிட்டாள்.

மௌசுமியின் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. ஹால்தார் கை நீட்டி, "லாக்கைத் திற" என்றார். திறந்து கொடுத்தாள். அவர் அதை மௌசுமியிடம் கொடுத்தார். அவள் வாட்ஸ்அப்பைப் பார்த்தாள். மேலாக இருந்தது சுப்ரியா தனக்குத்தானே அனுப்பியிருந்த செய்தி. படத்தின் கடைசிப் பகுதிக்கு எழுதிய வரிகள். வண்டியில் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று மத்தியானம் அனுப்பிக்கொண்டது. முழுக்கத் தமிழ். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மணியும் நிமிடமும் நொடியும்.

மௌசுமி தன் போனின் கேமராவை அதன் மேல் பிடித்தாள். மொழிபெயர்ப்புச் செயலி ஒவ்வொரு வரியாக வங்காளிக்கு மாற்றியது. அவள் மெல்லிய குரலில் வாசித்தாள்.

"பாலத்தில் காவலுக்கு இருவர்தான். விளக்கு அணைந்ததும் படகு வரும்." கொஞ்சம் நிறுத்தினாள். "பையை நிலையத்தில் வைத்துவிடு. திரும்பிப் பார்க்காமல் நட."

இந்த ஊரில் பாலம் என்றால் யாருக்கும் ஹவுரா பாலத்தைத் தவிர வேறெதுவும் மனதில் வராது. சுப்ரியாவுக்கே ஒரு நொடி அதுதான் கண்முன் வந்தது.

"அது படம் சார். பழைய படம். சப்டைட்டில். முன்னாடி இருக்கிறது மணி இல்ல, அந்த வரி எப்ப திரையில வரணும்ங்கறது."

"எந்தப் படம்?"

சொன்னாள். மௌசுமி தேடிப் பார்த்தாள். அந்தப் பெயரில் எத்தனையோ படங்கள் வந்தன. இது எங்கும் கிடைக்காத படம். அதனால்தான் அவளுடைய கம்பெனிக்கே வந்தது.

"ஆபீஸ்ல யாரைக் கேக்கலாம்?"

கூட வேலை செய்யும் தீப்தியின் எண்ணைக் கொடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. இந்நேரம் மெட்ரோவில் இருப்பாள்.

"படம் எங்கே இருக்கு?"

"வீட்ல. லாப்டாப்ல." இதைச் சொன்னதும்தான் அவளுக்குத் தெம்பு வந்தது. "முழுப் படமும் இருக்கு சார். ஆள் அனுப்புங்க, பாருங்க. இந்த வரி எல்லாம் அதுல அப்படியே வரும்."

ஹால்தார் கொஞ்சம் யோசித்தார். "அனுப்பறேன்" என்றார். மௌசுமியிடம் விலாசம் எழுதிக்கொள்ளச் சொன்னார். சுப்ரியா விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மேசை மேல் அவள் போன் அதிர்ந்தது. திரையில் அம்மா.

ஸ்பீக்கரில் போடும்படி ஹால்தார் விரலால் காட்டினார்.

"சுப்ரியா, பேசாதே, நான் சொல்றதை மட்டும் கேளு. நீ சொல்லிடு, சொல்லிடுன்னப்பவே எனக்குப் புரிஞ்சுடுத்து, உன்னை மிரட்டிச் சொல்ல வெக்கறான்னு. கவலைப்படாதே. லாப்டாப்ல இருந்ததை எல்லாம் அழிச்சுட்டேன். அந்தக் குப்பைத்தொட்டி மாதிரி ஒண்ணு இருக்கே, அதுலேருந்தும் எடுத்தாச்சு. இனிமே யார் வந்து தேடினாலும் ஒரு மண்ணும் கிடைக்காது. நீ கெட்டிக்காரி. வாயைத் திறக்காதே."

வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாங்க?" என்றார் ஹால்தார்.

சுப்ரியா வாயைத் திறந்தாள். அவளுடைய தொழிலில் வரியைச் சுருக்குவது தவறல்ல. திரையில் இடம் போதாவிட்டால் பாதிப் பேச்சை விட்டுவிடலாம். சொல்லாததைச் சேர்ப்பதுதான் கூடாது. கவலைப்படாதே என்கிறாள். அவ்வளவு போதும். பொய்கூட இல்லை. அம்மா அதைச் சொல்லத்தான் செய்தாள்.

மௌசுமி தன் போனைக் கையில் வைத்திருந்தாள். அந்தச் செயலி பேச்சையும் மொழிபெயர்க்குமா, இப்போது கேட்டுக்கொண்டிருந்ததா, தெரியவில்லை. சுப்ரியா மௌசுமியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

வெளியே ஒரு நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை. நாய் குரைத்தால் என்ன அர்த்தம், குரைக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அறையில் மூன்று பேருமே அந்தச் சத்தத்துக்குப் பிறகு வரப்போவதற்காகக் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டார்கள். ஒன்றும் வரவில்லை.

சுப்ரியா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வரியையும் விடவில்லை. "என்னை நீங்கள் மிரட்டுவதாக நினைத்து, கவலைப்படாதே என்கிறார். லாப்டாப்பில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன் என்கிறார். குப்பைத்தொட்டியிலிருந்தும். யார் தேடினாலும் கிடைக்காது என்கிறார். நான் கெட்டிக்காரி என்கிறார். வாயைத் திறக்காதே என்கிறார்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே, கேட்காத விளக்கத்தையும் சொன்னாள். "படத்தைப் பத்தி யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன். அம்மாவும் அந்தப் படத்தைப் பார்த்தா. அதுல போலீஸ் அப்படித்தான்... தேநீர் கொடுத்து..."

ஹால்தார் ஆறிப்போன குவளையைப் பார்த்தார். "குப்பைத்தொட்டியிலேருந்துமா?" என்றார்.

"ஆமாம் சார்" என்று தமிழில் சொல்லிவிட்டு, பதறிப்போய், "ஹ்யாங்" என்று வங்காளியில் திருத்தினாள்.

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "உட்கார்ந்திரு" என்று மட்டும் சொன்னார்.

பையில் இருந்தவை ரப்பர் வாஷர்கள். குக்கருக்குப் போடுகிற கறுப்பு வளையங்கள், கட்டுக்கட்டாக. சியால்தாவில் ஒரு விற்பனைக்காரர் டிக்கெட் வரிசைக்குப் போய்த் திரும்புவதற்குள் தன் பையை ஒரு பெண் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டதாக அங்கே புகார் கொடுத்திருந்தார். அதைக் கேட்டபோது, திருடி என்பது எவ்வளவு சின்னச் சொல் என்று சுப்ரியாவுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. கொஞ்சம் கழித்துத் தீப்தி திரும்ப அழைத்தாள். முதலில் அவளும், படமா, எந்தப் படம் என்றாள். பிறகு நடந்ததைக் கேட்டதும் குரல் உடைந்துபோய் அலுவலகத்துக்குத் திரும்பி ஓடினாள். கடைசிக் காட்சியை அங்கிருந்து போனிலேயே காட்டினாள். ஹால்தாரும் மௌசுமியும் அதைச் சுப்ரியா எழுதிய வரிகளோடு வைத்துப் பார்த்தார்கள். பிடிபட்ட பெண் தேநீர் குடிக்கிற இடம் வந்ததும் ஹால்தார் போதும் என்றார்.

"நாளைக்குக் காலையில வந்து ஒரு கையெழுத்துப் போடு. அதுவரைக்கும் போன் எங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். "வீட்டுக்குப் போ. அம்மா பயந்துட்டு இருப்பாங்க. ஆள் அனுப்பறதா இருந்தது, வேண்டாம்னுட்டேன்."

ஸ்டேஷனிலிருந்து வீடு நடந்து போகிற தூரம்தான். பழக்கடைகளில் வழக்கமான கூட்டம். யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஆனாலும் அவள் சுவரோரமாகவே நடந்தாள். எதிரே வருகிறவர்கள் கையில் என்ன பை என்று பார்த்தாள்.

மூன்றாம் மாடி. கதவிடுக்கில் வெளிச்சம் இல்லை. மணியை அழுத்தினாள், உள்ளே மணி அடிக்கவில்லை. அம்மா மெயினையே அணைத்திருக்க வேண்டும். தட்டினாள்.

"அம்மா, நான்தான்."

உள்ளே ஏதோ நகர்ந்தது. கதவுக்கு வெகு அருகில் மூச்சு கேட்டது.

"கூட யாரு?"

"யாரும் இல்லைம்மா. விட்டுட்டா. எல்லாம் முடிஞ்சுது. கதவைத் திற."

"போன் பண்ணினேன். யாரோ பொம்மனாட்டி எடுத்தா. உன் போன் அவ கையில இருக்கு."

"அது போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கும்மா. நாளைக்குத் தரேன்னா."

"அவாளே விட்டுட்டாளா?"

"விட்டுட்டா."

"ஏன் விட்டா?"

அது சுப்ரியாவுக்கே முழுக்கத் தெரியவில்லை. "நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றாள்.

உள்ளே மூச்சு நின்றது. மறுபடி கேட்டபோது அது கதவிலிருந்து விலகிப்போயிருந்தது.

"சொல்லிட்டியா?"

"அம்மா, திற. எனக்குப் பயமா இருக்கு."

"தெரியறது. நீ அழறது கேக்கறது. பக்கத்துல நிக்கறாளா? பதில் சொல்லாதே." அம்மாவின் குரல் கிசுகிசுப்பாகத் தாழ்ந்தது. "கீழே போ. அவாளை எங்கேயாவது கூட்டிண்டு போயிடு. அவா போனப்புறம் வா."

சுப்ரியா கதவில் கையை வைத்தபடி நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி, மாடிப்படியில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.